இன்னும் நாலு ஆட்டம்: ரொறன்ரோ புளூ ஜேய்ஸ் பேஸ்போல் அணிக்கு ஒரு திறந்த மடல்

ஸ்காபரோ
25 செப்டெம்பர் 2025

அன்புள்ள முகாமையாளர் ஜோன் ஷ்னைடர் அவர்களுக்கும், அணியில் இருக்கும் தம்பிமார் எல்லோருக்கும்,

வணக்கம். நேற்றிரவு பொஸ்ரனிடம் ஏழுக்கு ஒன்று என்று தோற்றதும் ரீவியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் இருட்டிலேயே இருந்தேன். அதே இரவு நியூயோர்க்கில், நம் பிரிவில் முதலிடத்துக்கு நம்மோடு போட்டியிடும் யாங்கீஸ் வென்றுவிட்டது. இன்று காலை இரண்டு அணிக்கும் ஒரே கணக்கு: 90 வெற்றி, 68 தோல்வி. ஜூலைத் தொடக்கத்தில் எட்டிப் பிடித்த முதலிடத்தை இத்தனை வாரம் காப்பாற்றிவிட்டு, கடைசி வாரத்தில் இன்னொருவரோடு பங்குபோட்டுக்கொண்டு நிற்கிறோம். இன்னும் நாலு ஆட்டம். இன்றிரவு பொஸ்ரன், பிறகு ரம்பா பேயோடு மூன்று. நாலும் நம் வீட்டில்.

பருவம் முடிந்ததும் நடக்கும் பிளேஓஃப் என்ற வெளியேற்றச் சுற்றுகளில் இடம் கையில் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை கன்சஸ் சிற்றியில் அதை உறுதிப்படுத்திவிட்டீர்கள் என்பது எனக்குத் தெரியும். போன ஆண்டு 74 வெற்றியோடு பிரிவில் கடைசியில் கிடந்த அணி இது. அங்கிருந்து இங்கே வந்ததே பெரிய விஷயம், இனி எப்படி உள்ளே போனாலும் சரி என்று நாலு பேர் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். எப்படிப் போனாலும் சரியில்லை. முதலிடத்தோடு உள்ளே போங்கள். பிளேஓஃபின் முதல் சுற்றான வைல்ட் கார்ட் என்ற அந்த மூன்று ஆட்டப் பொறிக்குள் இந்த அணியை இன்னொரு தடவை தள்ளாதீர்கள்.

நான் யார் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 1992 இல் இந்த நாட்டுக்கு வந்தேன். முதல் வேலை, என்னைப் போல வந்த பலருக்கும் போல, நகரத்தில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவுவது. கழுவுதொட்டிக்கு மேலே ஒரு தட்டில் சின்ன ரேடியோ. சமையல்காரர் மாரிகாலம் வந்தாலே அதைப் பெரிதாக வைத்துவிடுவார். வர்ணனையாளர் ரொம் சீக்கின் குரலில்தான் எனக்கு இந்த விளையாட்டு அறிமுகம். கிரிக்கெட் தெரிந்த எனக்கு, பந்தை அடித்தவன் ஓடியே ஆக வேண்டும் என்பதும், பின்பக்கம் அடித்தால் ஓட்டம் இல்லை என்பதும் விளங்க ஒரு வருடம் பிடித்தது.

1993 ஒக்டோபர் 23. உலகத் தொடர் என்ற இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டம், கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸ், நாம் ஆறுக்கு ஐந்து என்று பின்னால். நம் ஜோ கார்ட்டர் அடித்த பந்து வேலியைத் தாண்டியது, ஆட்டமும் தொடரும் நமக்கு. நான் ரேடியோவில் என்ன சொல்கிறார்கள் என்று பிடித்துக்கொள்வதற்குள் சமையல்காரர் என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டார். கையில் சவர்க்கார நுரை, அவருடைய வெள்ளைச் சட்டை முழுக்க ஈரம். வெளியே யங் வீதியில் வாகனங்கள் ஹோர்ன் அடிக்கத் தொடங்கி விடியும்வரை ஓயவில்லை. இந்த ஊர் என் ஊர் என்று முதன்முதலாகத் தோன்றியது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு 32 வருடம். அந்த உலகத் தொடர் மேடைக்கு இந்த அணி இந்த 2025 செப்டெம்பர் வரை ஒரு தடவைகூடத் திரும்பிப் போகவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

கணக்கு நமக்குச் சாதகமாகத்தான் இருக்கிறது. கடைசியில் இரண்டு அணியும் சமமாக நின்றால் நேருக்கு நேர் ஆட்டங்களில் அதிகம் வென்றவர்களுக்கே முதலிடம். இந்த ஆண்டு யாங்கீஸோடு ஆடிய 13 ஆட்டங்களில் நாம் வென்றது 8. ஜூலை முதலாம் திகதி, கனடா தினத்தன்று, ஸ்பிரிங்கர் தனி ஆளாக ஏழு ஓட்டங்களை அடித்து உள்ளே கொண்டுவந்தாரே, அந்த நாலு ஆட்டத் தொடரை முழுதாக வாரிக்கொண்டோமே, அதன் பலன் இன்றைக்குத்தான் கைக்கு வருகிறது. நாலையும் வென்றால் நியூயோர்க்கில் என்ன நடந்தாலும் நமக்குக் கவலையில்லை. வேறு யாரும் தோற்க வேண்டும் என்று நேர்த்தி வைக்கத் தேவையில்லாத நிலையில் இருக்கிறோம். சொந்த மைதானத்தில் 50 வெற்றி, 27 தோல்வி என்று நிற்கும் அணிக்கு இதைவிட நல்ல வாய்ப்பு எப்படிக் கிடைக்கும்?

முதலிடம் கிடைத்தால் முதல் சுற்றே இல்லை. ஒக்டோபர் 4 வரை ஓய்வு. இரண்டாமிடம் என்றால் வருகிற செவ்வாய்க்கிழமையே மைதானத்தில் நிற்க வேண்டும், மூன்றில் இரண்டு வென்றால்தான் உயிர். 162 ஆட்டம் ஆடிக் காட்டிய திறமையை இரண்டு மோசமான இரவுகள் அழித்துவிடும். 2020 இல் ரம்பா பேயிடம் இரண்டுக்கு இரண்டும் தோற்றோம். 2022 இல் சியற்றிலிடம் அப்படியே. 2023 இல் மினசோற்றாவிடம் அப்படியே. மூன்று தடவை, ஆறு ஆட்டம், ஒரு வெற்றி இல்லை.

அதில் 2022 ஒக்டோபர் 8 ஆம் திகதி நானும் என் மகளும் மேல்மாடி இருக்கையில் இருந்தோம். எட்டுக்கு ஒன்று என்று முன்னால். பக்கத்தில் இருந்தவர்கள் அடுத்த சுற்றுக்கு டிக்கெட் வாங்குவதைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். ஆறாவது இன்னிங்ஸில் பந்துவீச்சாளர் கோஸ்மனை வெளியே எடுத்தீர்கள், அடுத்து ஒரு பந்து கைதவறி ஒரு ஓட்டம் போனது, பிறகு சியற்றிலின் கார்லொஸ் சன்ரானா மூன்று ஓட்ட ஹோம் ரன் (வேலியைத் தாண்டும் அடி) அடித்தார். எட்டாவதில் அந்தப் பந்து. ஜே.பி. குரோஃபோர்ட் மெதுவாகத் தட்டிய பந்து மேலே எழும்பி, யாருக்கும் சொந்தமில்லாத இடத்தை நோக்கி இறங்கியது. முன்னுக்கு ஓடிவந்த ஸ்பிரிங்கரும் பின்னுக்கு ஓடிய பிஷெற்றும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. மேலே இருந்த எங்களுக்கு இரண்டு பேரும் தெரிந்தார்கள். மகள் "மோதப் போகினம் அப்பா" என்று என் கையைப் பிடித்தாள். மோதினார்கள். பந்து புல்லில் கிடந்தது, மூன்று பேர் ஓடி வந்து ஆட்டத்தைச் சமனாக்கினார்கள். அரங்கில் அத்தனை ஆயிரம் பேர் இருந்தும் சத்தமே இல்லை. பத்துக்கு ஒன்பது என்று முடிந்தது. கென்னடி ஸ்டேஷன் வரை ரயிலில் ஒரு சொல்லும் பேசாமல் வந்தோம்.

அடுத்த வருடம் நடந்ததை நீங்கள் என்னைவிட நன்றாக நினைவு வைத்திருப்பீர்கள், திரு. ஷ்னைடர். மினசோற்றாவோடு ஆடிய கடைசி ஆட்டத்தில் பந்துவீச்சாளர் பெரியோஸ் மூன்று இன்னிங்ஸ் ஒரு ஓட்டமும் கொடுக்காமல் எறிந்திருந்தார். 47 பந்துதான். நாலாவதில் முதல் ஆளுக்கு நாலு பந்தை எல்லைக்கு வெளியே எறிந்து, அடிக்காமலே முதல் பேஸுக்கு (ஓடுபவர் கடக்கும் நாலு நிலைகளில் முதலாவது) நடக்க விட்டார். உடனே நீங்கள் வெளியே வந்தீர்கள், பந்தை வாங்கி கிகுச்சியிடம் கொடுத்தீர்கள். அந்த இன்னிங்ஸில் போன இரண்டு ஓட்டத்தோடு இரண்டுக்குப் பூச்சியம் என்று அந்த ஆண்டு முடிந்தது. அது உங்கள் தனி முடிவா, மேலிடத்தில் முன்கூட்டியே போட்ட திட்டமா என்று இந்த ஊர் மாதக் கணக்கில் பேசியது. அதைக் கிளறுவதற்காக இதைச் சொல்லவில்லை. இந்த ஆண்டு நீங்கள் அப்படி ஆட்டத்தை நடத்தவில்லை என்பதுதான் எனக்குச் சந்தோஷம். எதிரில் நிற்கும் மனிதனைப் பார்த்து முடிவெடுக்கிறீர்கள். இந்த நாலு நாளும், அதன் பிறகும், பயம் வந்து பழைய காகிதத்தை எடுக்க வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். நன்றாக எறிந்துகொண்டிருப்பவரை எறிய விடுங்கள்.

இந்த அணியின் பலம் எது என்று என்னிடம் கேட்டால் நான் ஹோம் ரன்னைச் சொல்ல மாட்டேன். பந்தில் மட்டை படுகிறது. அவ்வளவுதான், ஆனால் இன்றைய பேஸ்போலில் அது அபூர்வம். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு சுழற்றி, பட்டால் வேலிக்கு வெளியே, படாவிட்டால் மூன்று தவறலில் (ஸ்ட்ரைக்) ஆட்டமிழக்கும் ஸ்ட்ரைக் அவுட் என்று ஆடும் காலத்தில், முழு லீக்கிலும் மிகக் குறைவாக ஸ்ட்ரைக் அவுட் ஆகும் அணி நீங்கள். துடுப்புச் சராசரியிலும் முதலாவது. பின்னால் நின்று முன்னுக்கு வந்து வென்ற ஆட்டங்கள் வேறெந்த அணியையும்விட அதிகம். இது மூன்றும் ஒன்றோடொன்று சேர்ந்தவை. மட்டையில் பட்ட பந்து எங்கேயாவது போகும். ஒருவன் தடுமாறுவான், ஒரு இடைவெளி திறக்கும், பேஸில் இருந்தவன் நகருவான். எங்கள் ஊர்க் கிரிக்கெட்டில் ஒன்று இரண்டாகத் தட்டி ஓட்டம் சேர்த்தே பந்துவீச்சாளரைக் களைக்கவைக்கும் துடுப்பாட்டக்காரர்கள் இருப்பார்கள். அவர்களைப் பார்த்து வளர்ந்தவனுக்கு உங்கள் ஆட்டம் பார்க்கப் பார்க்கத் தெவிட்டாது.

எர்னி கிளெமென்ற்றைக் கவனித்துப் பாருங்கள். இரண்டு ஸ்ட்ரைக் விழுந்துவிட்டது. அடுத்த பந்து வெளியே, தாழ்வாக, வேறு யாராக இருந்தாலும் விட்டுவிட வேண்டியது அல்லது வீணாகச் சுழற்ற வேண்டியது. இவர் ஒரு எட்டு எட்டி, மட்டை நுனியால் அதை எப்படியோ தொட்டு வெளியே தட்டிவிடுவார். மறுபடி ஒன்று. மறுபடி தட்டு. பந்துவீச்சாளர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைப்பார். ஏழாவது எட்டாவது பந்தில் ஏதோ ஒன்று நடுவில் வரும், அது இரண்டாம் பேஸுக்கு மேலே பறக்கும். கிளீவ்லாந்தும் ஓக்லாந்தும் வேண்டாம் என்று விட்ட மனிதர் இவர். நேதன் லூக்ஸ் 28 வயதில்தான் மேஜர் லீக் மைதானத்தைக் கண்டார். இப்படிப்பட்டவர்கள் ஒவ்வொரு பந்தையும் கடைசிப் பந்து போல ஆடுவதால்தான் 500 மில்லியன் டொலர் வீரர் விளாடி கெரேரோவும் அதே மாதிரி ஆட வேண்டியிருக்கிறது. துடுப்பாட்டப் பயிற்றுநர் டேவிட் பொப்கின்ஸ் இதில் எவ்வளவு உழைத்திருப்பார் என்று நினைத்துப் பார்க்கிறேன். போன ஆண்டு ஆயிரத்துக்கு 220 அடி என்ற சராசரியில் தவித்த ஸ்பிரிங்கர், 36 வயதில், இந்த ஆண்டு 300க்கு மேலே நிற்கிறார். இதெல்லாம் தற்செயலாக வராது.

களத்தடுப்பு அடுத்த பலம். அடிப்பவருக்குப் பின்னால் பந்தை வாங்கும் கேட்சர் அலெஹான்ட்ரோ கேர்க் கட்டையான, கனத்த உடம்போடு குந்தியிருந்து, ஸ்ட்ரைக் எல்லையின் அடியில் வரும் பந்தை வாங்கும்போது அவருடைய கையுறை எவ்வளவு மெதுவாக மேலே எழும்புகிறது பாருங்கள். நடுவர் ஏமாறுகிறார் என்று சொல்ல மாட்டேன். அவருக்கு நல்ல காட்சி கிடைக்கிறது. நடுக்களத்தில் வார்ஷோ ஓடிப் பாய்ந்து எடுக்கும் பிடிகளால் பந்துவீச்சாளர்களின் கணக்கில் எத்தனை ஓட்டம் குறைந்திருக்கும்! ஹிமெனெஸ் கிளீவ்லாந்தில் மூன்று வருடம் தொடர்ந்து களத்தடுப்புக்கான தங்கக் கையுறை விருது வாங்கியவர். இப்போது பிஷெற் இல்லாத இடத்தில் ஷோர்ட்ஸ்டொப்பாக (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவில்) நிற்கிறார்.

பிஷெற் இல்லாததுதான் பெரிய ஓட்டை. செப்டெம்பர் 6 ஆம் திகதி யாங்கீ மைதானத்தில் ஓட்டம் முடியும் ஹோம் பிளேட்டுக்குச் சறுக்கி வந்து கேட்சரோடு முழங்கால் மோதியபோது, 311 என்ற சராசரியில் அடித்துக்கொண்டிருந்த கை நின்றுபோனது. ஹிமெனெஸ் நூறு பந்தை நிறுத்தலாம், அந்தத் துடுப்பை நிரப்ப முடியாது. வெள்ளிக்கிழமை கன்சஸ் சிற்றியில் இருபதுக்கு ஒன்று என்று அடிவாங்கியதை நான் பெரிதாக எடுக்கவில்லை, அப்படி ஒரு நாள் எந்த அணிக்கும் வரும். நேற்றும் முந்தாநாளும் ஒவ்வொரு ஓட்டத்தோடு முடித்ததுதான் வயிற்றைக் கலக்குகிறது. அவசரப்படுகிறீர்கள். முதல் பந்திலேயே எல்லாவற்றையும் தீர்த்துவிடப் பார்க்கிறீர்கள். ஒரே அடியில் ஐந்து ஓட்டம் எடுக்க ஒருவராலும் முடியாது.

வயதானவர்கள் இந்த வாரம் 1987 ஐப் பற்றிப் பேசுகிறார்கள். நான் வருவதற்கு முந்தைய கதை, ஆனால் சமையல்காரர் சொல்லிச் சொல்லி நானே பார்த்தது போல் ஆகிவிட்டது. செப்டெம்பர் 24 ஆம் திகதி, அதாவது நேற்றோடு சரியாக 38 வருடம், டெற்றொயிற்றோடு ஆடும்போது எதிரணிக்காரர் சறுக்கி மோதியதில் ரோனி பெர்னான்டஸின் முழங்கை உடைந்தது. அவரும் ஷோர்ட்ஸ்டொப்தான். ஏழு ஆட்டம் மிச்சம் இருக்கும்போது மூன்றரை ஆட்ட முன்னிலை. ஏழையும் தோற்றார்கள். கடைசி மூன்றும் டெற்றொயிற்றில், ஒவ்வொன்றும் ஒரே ஒரு ஓட்ட வித்தியாசம். 96 வெற்றி எடுத்தும் வீட்டுக்குப் போனார்கள், அன்று வைல்ட் கார்ட் என்று ஒன்று இல்லை. அந்தக் கதையைக் கேட்டுப் பயப்படாதீர்கள். அன்றைக்கு அவர்கள் கடைசி மூன்று ஆட்டத்தை எதிரியின் வீட்டில் ஆடினார்கள், நீங்கள் உங்கள் வீட்டில் ஆடுகிறீர்கள்.

பிஷெற்றுக்காகவும் இந்த முதலிடம் வேண்டும். முழங்கால் ஆற வேண்டிய நேரத்தில் நாலைந்து நாள் கூடக் கிடைப்பது சின்ன விஷயமில்லை. வைல்ட் கார்ட் சுற்று என்றால் ஆசை தூண்டும், "ஒரே ஒரு தடவை துடுப்புப் பிடிக்கட்டும்" என்று யாராவது சொல்வார்கள். அந்த நிலைக்கு அந்தப் பிள்ளையைக் கொண்டுபோகாதீர்கள்.

இனி புல்பென், அதாவது ஆட்டத்தின் நடுவில் மாற்றாக வரும் பந்துவீச்சாளர்கள். இங்கேதான் என் நகம் எல்லாம் போனது. ஜெஃப் ஹொஃப்மன் வந்தால் எங்கள் வீட்டில் என் மனைவி எழும்பிக் குசினிக்குள் போய்விடுவார். அவர் நல்ல பந்துவீச்சாளர், அதில் சந்தேகமில்லை. 2014 இல் இதே அணிதான் அவரைத் தேர்ந்தெடுத்தது, அடுத்த வருடம் கொலராடோவுக்குக் கொடுத்தது, பத்து வருடம் அலைந்து திரும்பி வந்திருக்கிறார். வீட்டுக்குத் திரும்பிய பிள்ளை ஜெயிக்க வேண்டும் என்று எனக்கும் ஆசை. ஆனால் ஒன்பதாவது இன்னிங்ஸில் அவர் கொடுத்த ஹோம் ரன்கள் இந்த ஆண்டு எத்தனையோ இரவைக் கெடுத்துவிட்டன. ஒன்பதாவது என்றால் ஹொஃப்மன் என்று கல்லில் எழுதி வைக்காதீர்கள். டொமிங்கெஸ் இருக்கிறார். பால்ட்டிமோரோடு ஒரே நாளில் இரண்டு ஆட்டம் நடந்தபோது முதல் ஆட்டத்துக்கும் இரண்டாவதுக்கும் இடையில் அணி மாறி, எதிர் ஓய்வறைக்கு நடந்து வந்தவர். அப்படிப்பட்ட ஒருவர் ஒக்டோபர் மாதக் கூச்சலுக்குப் பயப்படுவாரா? வார்லன்ட் இருக்கிறார். எதிரணியின் ஆபத்தான மூன்று பேர் ஏழாவதில் வந்தால் உங்கள் சிறந்த கை ஏழாவதில் வரட்டும்.

ட்ரே யெசவேஜைப் பற்றியும் சொல்ல வேண்டும். வயது 22. இந்த வசந்தத்தில் புளோரிடாவின் டனீடினில், கீழ்த்தட்டு அணியில் எறிந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு படியாக ஏறி, பத்து நாளுக்கு முன் ரம்பா பேயில் முதல் ஆட்டம் ஆடி ஐந்து இன்னிங்ஸில் ஒன்பது பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கினார். முதல் ஆட்டத்திலேயே அவ்வளவு எடுத்தவர் இந்த அணியின் வரலாற்றில் இல்லை. தலைக்கு நேர் மேலே இருந்து வரும் கை, நெஞ்சுக்கு நேராக வந்து கடைசிக் கணத்தில் தரையில் விழும் பந்து. சின்னப் பிள்ளை, பெரிய மேடை என்று தயங்காதீர்கள். இன்னும் யாருக்கும் அவரைப் படிக்க நேரம் கிடைக்கவில்லை. கோஸ்மன், பீபர், அவர்களோடு இந்தப் பிள்ளை. முதலிடத்தோடு போனால் மூன்று பேரும் ஓய்வெடுத்த கையோடு நிற்பார்கள். மூன்று ஆட்டச் சுற்றில் மாட்டினால் அவர்களை அங்கேயே எரித்துவிட்டு அடுத்த சுற்றுக்கு வெறுங்கையோடு போக வேண்டும்.

கடைசியாகத் தம்பி விளாடி, உமக்கு. மொன்றியலில் பிறந்தீர், உம்முடைய அப்பா அங்கே ஆடிய காலத்தில். வேறெங்கும் போகலாம் என்ற நிலையில் 14 வருடத்துக்கு இங்கேயே இருக்கிறேன் என்று கையெழுத்து வைத்தீர். அதற்கு இந்த ஊர் நன்றியோடு இருக்கிறது. நாம் தோற்ற அந்தப் பிளேஓஃப் ஆட்டங்கள் ஆறிலும் நீர் இருந்தீர். 22 தடவையில் மூன்று அடி. மினசோற்றாவில் இரண்டாம் பேஸில் பிடிபட்டு நின்றபோது உம்முடைய முகத்தைப் பார்த்தேன். அதை வைத்து உம்மைக் குறை சொல்கிறவர்களை நானும் கேட்டிருக்கிறேன், அவர்களோடு பேருந்தில் சண்டையும் பிடித்திருக்கிறேன். 2021 இல் 48 ஹோம் ரன் அடித்த கை அது, எங்கேயும் போகவில்லை. ஆனால் இந்த நாலு ஆட்டத்தில் உம்மிடம் நான் ஹோம் ரன் கேட்கவில்லை. பிஷெற் உமக்குப் பின்னால் இல்லாததால் உமக்கு அடிக்கக்கூடிய பந்து வராது. வராதபோது நடந்து முதல் பேஸுக்குப் போம். பின்னால் கேர்க் இருக்கிறார், பார்ஜர் இருக்கிறார், கிளெமென்ற் இருக்கிறார். அவர்களை நம்பும்.

இதைத் தமிழில் எழுதியதற்குக் காரணம், மனத்தில் இருப்பது இந்த மொழியில்தான் ஒழுங்காக வருகிறது. என் மகள் இதை மொழிபெயர்த்து உங்கள் முகவரிக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாள். ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் பிரம்டனிலும் எத்தனை தமிழ் வீடுகளில் நேற்றிரவு ரீவி என்னைப் போலவே கோபத்தோடு நிறுத்தப்பட்டிருக்கும் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதும் ஒரு காரணம். இன்றிரவு அதே ரீவிகள் திரும்பவும் போடப்படும்.

எங்களிடம் இரண்டு டிக்கெட் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைக்கு, மேல்மாடியில், 2022 இல் இருந்த அதே பக்கம். மகள் வேறு பக்கத்தில் எடுக்கலாம் என்றாள். நான்தான் அங்கேயே எடு என்றேன்.

அன்புடனும் எதிர்பார்ப்புடனும்,
ஸ்காபரோவிலிருந்து உங்கள் பழைய ரசிகன்